ஆங்கிலத்தில் ஒரு பலபொருள் ஒருசொல்: 'செக்'



முன்னுரை

ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்னும் நிலை இருக்குமானால் அகராதி எழுதுவோர்க்கு வேலை எளிது. மொழிபெயர்ப்போர்க்கு அதனினும் எளிது. ஆயின், வாழும் மொழி எதுவும் அவ்வாறு அமைவதில்லை. இவ்வுண்மையைத் தமிழ்ப் புலவர் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய மூன்று நிகண்டுகளும் பல பொருள் தரும் ஒரு சொற்களுக்கெனத் தனித் தொகுதி வகுத்துள்ளன. சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி முழுவதும் அத்தகைய சொற்களுக்கே உரியது.

ஆங்கிலமும் இதற்கு விலக்கன்று. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்தபோது, அதில் மிக நீண்ட பதிவைப் பெற்றது 'செட்' என்னும் வினைச்சொல். ஏறத்தாழ 430 பொருள்களை விளக்க 60,000 சொற்கள் தேவைப்பட்டன. அவ்வகராதியைத் திருத்தும் பணியில் 2011ஆம் ஆண்டளவில் 'ரன்' என்னும் வினைச்சொல் 645 பொருள்களோடு முதலிடத்தைப் பிடித்தது. இரண்டும் மூன்றெழுத்துச் சொற்கள். குழந்தைகளும் அறிந்த சொற்கள்.

எண்ணிக்கை வியப்பைத் தரும். அறிவைத் தருவது கிளைகளின் வரலாறு. ஒரு சொல்லின் பொருள்கள் எந்த வேரிலிருந்து எவ்வாறு பிரிந்தன என்பதைத் தெளிவாகக் காணத்தக்க சொல் ஒன்றை எடுத்துக்கொள்வதே பயன் தரும். அவ்வகையில் ஈண்டு ஆராயப்பெறுவது 'செக்' என்னும் சொல். எண்ணெய் ஆட்டும் தமிழ்ச் செக்குக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம்.

பொருள்களின் கூட்டம்

சதுரங்கம் ஆடுபவர் எதிரியின் அரசனைத் தாக்கும்போது 'செக்' என்கிறார். வங்கியில் கணக்குடையவர் 'செக்' எழுதுகிறார். துணிக்கடையில் கட்டம் போட்ட சட்டை 'செக்' எனப்படுகிறது. அமெரிக்க உணவகத்தில் உண்டு முடித்தவர் 'செக்' கேட்டால் விலைச்சீட்டைக் கேட்கிறார் என்று பொருள். ஒப்படைத்த பெட்டிக்கு ஈடாகத் தரப்படும் அடையாளச் சீட்டும் அங்கே 'செக்' தான். மரம் உலரும்போது நீளவாட்டில் விழும் வெடிப்பைத் தச்சர்கள் 'செக்' என்பர். மோப்பம் இழந்த வேட்டை நாய் திகைத்து நின்றாலும் 'செக்'. வல்லூறு தனக்குரிய இரையை விட்டு வேறு பறவையைத் துரத்தினாலும் 'செக்'.

இவற்றுள் பல வினையாகவும் வரும். தடுத்தல், அடக்குதல், கடிந்துரைத்தல், ஒப்புநோக்குதல், சரிபார்த்தல், பெட்டியை ஒப்படைத்தல், சீட்டாட்டத்தில் பந்தயம் கூட்டாது முறையைக் கடத்துதல் எனப் பட்டியல் நீளும்.

தடுத்தலும் சரிபார்த்தலும் ஒன்றா? அரசனும் காசோலையும் ஒரே சொல்லில் எவ்வாறு கூடின? இவ்வினாக்கள் வெறும் சொல் விளையாட்டல்ல. ஆங்கிலத்தில் ஆட்சியியலும் சட்டமும் நிதியும் இச்சொல்லின் மேல் நிற்கின்றன. அவற்றைத் தமிழில் தருவோர் எப்பொருளைக் கொள்கின்றனர் என்பதைப் பொறுத்தே படிப்பவர்க்கு அரசைப் பற்றிய அறிவும் அமைகிறது.

பெயரும் வினையும்

ஆங்கிலத்தில் ஒரே வடிவம் பெயராகவும் வினையாகவும் நிற்பது எளிது. பழைய ஆங்கிலத்தில் வினைக்கெனத் தனி விகுதிகள் இருந்தன. இடைக்காலத்தில் அவை தேய்ந்து மறைந்தன. அதன்பின் ஒரு சொல் பெயரா வினையா என்பதை அது தொடரில் நிற்கும் இடமே காட்டத் தொடங்கியது. தமிழிலும் 'அடி', 'கட்டு', 'வெட்டு' போன்றவை பெயராகவும் ஏவல் வினையாகவும் வருகின்றன. இலக்கண நூலார் இத்தகைய பெயர்களை முதனிலைத் தொழிற்பெயர் என்பர். வேறுபாடு ஒன்றே: தமிழில் வேற்றுமை உருபும் கால இடைநிலையும் பால்காட்டும் விகுதியும் விரைவில் ஐயம் நீக்கிவிடும், ஆங்கிலத்தில் பெரும்பாலும் சொல்லின் இடமே ஐயம் நீக்கும்.

'செக்' என்பதன் கதை இதனினும் சுவையானது. அது பெயராகவோ வினையாகவோ பிறக்கவில்லை. ஒரு கூவலாகப் பிறந்தது. அரசனைச் சுட்டிக் கூவிய கூவல் பின்னர்ப் பெயராயிற்று, பெயர் வினையாயிற்று.

அரசனைச் சுட்டிய சொல்

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையை உடைமையால் சதுரங்கம் எனப் பெயர் பெற்ற விளையாட்டு, இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்றது. அங்கே 'சத்ரங்' ஆயிற்று. 7ஆம் நூற்றாண்டில் அரேபியர் பாரசீகத்தை வென்றபின் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. அரேபியர் வழியாக அது ஐரோப்பாவை அடைந்தது.

பாரசீக மொழியில் அரசன் 'ஷா'. எதிரியின் அரசனைத் தாக்கும் காயை நகர்த்தியவர் 'ஷா' எனக் கூவுவார். 'உன் அரசனுக்கு ஆபத்து. காத்துக்கொள்' என்பது அதன் கருத்து. அரசன் தப்ப வழியின்றிப் போனால் 'ஷா மாத்' என்பர். இதற்கு 'அரசன் இறந்தான்' எனப் பொருள் கூறுவோர் உளர். 'அரசன் செயலற்றான்' என்பதே பொருந்தும் என்பாரும் உளர். விளையாட்டில் அரசன் வெட்டப்படுவதில்லை, அசையமுடியாமல் நிற்கிறான். ஆதலின் இரண்டாவது விளக்கம் ஆட்டத்தின் இயல்போடு ஒத்துச் செல்கிறது.

'ஷா' என்னும் சொல் இடைக்கால இலத்தீனில் 'ஸ்காக்குஸ்' எனவும், பழைய பிரெஞ்சில் 'எஷெக்' எனவும் உருமாறியது. அதன் பன்மை ஆங்கிலத்தில் 'செஸ்' ஆயிற்று. ஒருமை 'செக்' ஆயிற்று. எனவே, ஆங்கிலத்தில் அந்த விளையாட்டின் பெயரே 'அரசர்கள்' என்னும் பன்மையாகும். இன்றைய பிரெஞ்சு மொழியில் அச்சொல்லின் பன்மை சதுரங்கத்தையும், ஒருமை தோல்வியையும் குறிக்கின்றன.

இங்கு நிகழ்ந்த பொருள்மாற்றம் நுட்பமானது. 'ஷா' என்பது அரசனின் பெயர். அப்பெயரைக் கூவியவுடன் ஆட்டம் தன் போக்கை நிறுத்துகிறது. எத்தகைய திட்டம் வைத்திருந்தாலும், அரசனைக் காக்கும் வழியைத் தேடாமல் அடுத்த காயை நகர்த்த இயலாது. ஆகவே கூவலின் பொருள் 'அரசன்' என்பதிலிருந்து 'நில்' என்பதற்கு நகர்ந்தது. அதிலிருந்து தடை, தடுத்தல், அடக்குதல், கடிந்துரைத்தல் ஆகிய பொருள்கள் கிளைத்தன. வேட்டை நாய் நிற்பதும், ஓட்டம் தடைப்படுவதும் இக்கிளையின் தளிர்கள். அரசனைக் குறித்த சொல்லே அரசனையும் நிறுத்தவல்ல சொல்லாயிற்று என்பது இவ்வரலாற்றின் முதற்பாடம்.

கட்டம் போட்ட மேசை

இனி, சரிபார்த்தல் என்னும் பொருள் எவ்வாறு வந்தது எனக் காணல் வேண்டும். அதற்கு இங்கிலாந்து அரசின் கருவூலத்தை நோக்குதல் தகும்.

முதலாம் ஹென்றி மன்னன் 1100 முதல் 1135 வரை ஆண்டான். அவன் காலத்தில் அரசின் வருவாய்க் கணக்கைத் தீர்க்கும் அவை உருப்பெற்றது. அந்த அவையின் பெயர் 'எக்ஸ்செக்கர்'. சதுரங்கப் பலகையைக் குறிக்கும் இடைக்கால இலத்தீன் சொல்லே பிரெஞ்சு வழியாக இவ்வாறு மாறியது. இரண்டாம் ஹென்றியின் காலத்தில் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல், 1170களின் இறுதியில் அவ்வவையின் நடைமுறைகளை விளக்கி ஓர் இலத்தீன் நூல் எழுதினார். ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வினாவிடை வடிவில் அமைந்தது அந்நூல்.

அவையின் நடுவே ஒரு மேசை. நீளம் ஏறத்தாழ 10 அடி. அகலம் 5 அடி. காசுகள் உருண்டு விழாதவாறு நான்கு விரல் உயரத்திற்கு விளிம்பு. அதன்மேல் கோடுகளிட்ட கருந்துணி. ஒவ்வொரு பத்தியும் ஒரு மதிப்பைக் குறிக்கும்: பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம். 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. உரோம எண்களைக் கொண்டு இத்தகைய கணக்கைத் தாளில் கூட்டிக் கழித்தல் பெருந்தொல்லை. ஆகவே வில்லைகளைப் பத்திகளில் வைத்தும் நீக்கியும் கணக்குத் தீர்த்தனர். எழுத்தறியாதவரும் கண்ணாற் கண்டு அறியத்தக்க கணக்கு அது.

மேசையின் ஒரு பக்கம் கருவூலத்தார். எதிர்ப்பக்கம் 'ஷெரிஃப்' எனப்படும் மாவட்ட அதிகாரி. மன்னனுக்குச் சேரவேண்டிய வருவாயைத் தண்டிச் செலுத்துவது ஷெரிஃபின் கடமை. செலுத்தவேண்டியது ஒரு வரிசையில் வில்லைகளாக வைக்கப்படும்; செலுத்தியது அதன்கீழ் வைக்கப்படும்; வேறுபாடு அனைவர் கண்முன்னும் விளங்கும். 'எக்ஸ்செக்கர் என்னும் பெயர் ஏன்?' என மாணவர் வினவ, மேசை சதுரங்கப் பலகையை ஒத்திருத்தலும், கருவூலத் தலைவரும் ஷெரிஃபும் அங்கே போரிடுவதுபோல் எதிர்நின்று கணக்காடுதலும் காரணம் என ஆசிரியர் விளக்குகிறார்.

இம்மேசையில் 'செக்' என்பதன் இரு பொருள்களும் உறவாடுவதை உணரலாம். கணக்கு ஒப்புநோக்கப்பட்டது, அது சரிபார்த்தல். கணக்குத் தீராத ஷெரிஃப் காவலில் வைக்கப்படவும் கூடும்; அது தடுத்து நிறுத்தல். பார்வையும் தடையும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தன.

பிளந்த கோல்

பணம் செலுத்தியமைக்குச் சான்று தாளன்று, மரக்கோல். பெரும்பாலும் ஹேசல் மரத்தின் குச்சி. அதில் வெட்டுக்களின் அகலம் தொகையைக் காட்டும். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம். நூறு பவுண்டுக்குப் பெருவிரல் அகலம். இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியின் பருமன். வெட்டியபின் கோலை நீளவாட்டில் இரண்டாகப் பிளப்பர். பணம் செலுத்தியவரிடம் ஒரு பாதி, கருவூலத்தில் மறுபாதி. பின்னொரு நாள் ஐயம் எழுந்தால் இரண்டையும் பொருத்திப் பார்ப்பர். வெட்டுக்களும் மரத்தின் இழைகளும் ஒன்றோடொன்று இசைந்தால் கணக்குச் சரி. இசையாவிட்டால் எங்கோ கை வைக்கப்பட்டுள்ளது.

பிளந்த கோலின் நீண்ட பாதியின் பெயர் 'ஸ்டாக்'. இன்று பங்குச் சந்தையில் வழங்கும் சொல்லோடு இப்பெயரை இணைத்துக் காட்டுவர். மரம் மறைந்தது, சொல் நிலைத்தது.

இக்கோல்முறையை நீக்கும் சட்டம் 1782இல் இயற்றப்பட்டும், 1826 வரை அது வழக்கில் இருந்தது. தேங்கிக் கிடந்த பழங்கோல்களை எரிக்க 1834 அக்டோபர் 16ஆம் நாள் பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் இட்டனர். தீ கட்டுக்கடங்காது பரவியது. இங்கிலாந்தின் பாராளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. இன்று உலகம் காணும் வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையின் பெரும்பகுதி அதன்பின் எழுந்ததே. கணக்கைக் காத்த கோல்களை, காவலின்றி எரித்ததால் அவையே எரிந்தது.

காசோலையும் கட்டத் துணியும்

பிளந்த கோலின் கருத்துத் தாளுக்கும் வந்தது. வங்கிச் சீட்டின் ஒரு பகுதியைக் கிழித்துத் தந்து, எஞ்சிய அடிக்கட்டையைத் தம்மிடம் வைத்துக்கொண்டனர். மோசடியைத் தடுக்க உதவிய அடிக்கட்டையே முதலில் 'செக்' எனப்பட்டது. பின்னர் அப்பெயர், கிழித்துத் தரும் தாளுக்கே உரியதாயிற்று. பிரித்தானியர் 'எக்ஸ்செக்கர்' என்னும் சொல்லின் சாயலால் அதற்குத் தனி எழுத்துக்கூட்டல் அமைத்துக்கொண்டனர். அமெரிக்கரோ பழைய எழுத்துக்கூட்டலையே போற்றுகின்றனர். ஒலி ஒன்றே, எழுத்து வேறு.

தமிழில் இதற்குக் 'காசோலை' என்பது அமைந்தது. இது ஓர் அழகிய ஆக்கம். ஆங்கிலச் சொல் கட்டம் போட்ட துணியின் நினைவைச் சுமக்கிறது. தமிழ்ச் சொல் பனையோலையின் நினைவைச் சுமக்கிறது. ஒவ்வொரு மொழியும் தான் கணக்கெழுதிய பொருளை மறப்பதில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், பயனைக் கண்டு பெயரிட்டதே இவ்வாக்கத்தின் சிறப்பு.

சதுரங்கப் பலகையின் வடிவத்திலிருந்து கட்டம் போட்ட துணிக்குப் பெயர் வந்ததும் இயல்பே. இக்கிளை தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புடையது. தறியில் நெய்த வண்ணக் கட்டத் துணிகள் சென்னைத் துறைமுகம் வழியாக நெடுங்காலம் கடல் கடந்தன. ஆங்கில வணிகர் அவற்றை 'மெட்ராஸ் செக்ஸ்' என்றனர். நைஜீரியாவின் கடலோரத்து கலபாரி மக்கள் அத்துணியைச் சடங்குகளில் போற்றினர். இடையிடையே நூலிழைகளை வெட்டி நீக்கித் தமக்குரிய புதுக்கோலம் படைத்தனர். விளையாட்டு இந்தியாவிலிருந்து சென்றது. அதன் பலகையிற் பிறந்த சொல், சென்னைத் துணியின் பெயராகத் திரும்பி வந்தது.

வினையும் இனமும் சார்பும்

இத்துணைப் பொருள்களையும் ஆங்கிலேயர் குழப்பமின்றி எவ்வாறு அறிகின்றனர்? இதற்கு விடை தொல்காப்பியத்திலேயே உள்ளது. பலபொருள் ஒருசொல்லைப் பற்றிக் கிளவியாக்கம் பேசும்போது, உடன்வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் பொருள் தெளிவுறும் என்னும் கருத்தைத் தருகிறது. 'மா பூத்தது' என்றால் மரம்; 'மா ஓடியது' என்றால் விலங்கு. வினை ஐயம் நீக்கியது.

இவ்வளவுகோலை ஆங்கிலச் சொல்லுக்கும் பொருத்திக் காணலாம். செக் எழுதினார் என்றால் காசோலை. உடுத்தினார் என்றால் கட்டத் துணி. வைத்தார் என்றால் சதுரங்கத் தாக்கு. இவை வினையால் தெளிந்தவை. மருத்துவர் வாயிலிருந்து வரும் செக் உடற்சோதனை. நடத்துநரோடு சேர்த்துச் சொல்லப்படும் செக்கர் பயணச்சீட்டுப் பரிசோதகர். இவை இனத்தாலும் சார்பாலும் தெளிந்தவை. பழந்தமிழ் இலக்கணம் அயல்மொழிச் சொல்லுக்கும் விளக்காகிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆயினும், இவ்விளக்கு எட்டாத ஓரிடம் உண்டு. தடுத்தல், சரிபார்த்தல் என்னும் இரண்டும் ஒரே தொடரில், ஒரே சார்பில் வரக்கூடியவை. அங்கேதான் மொழிபெயர்ப்பாளர் இடறுகிறார்; அங்கேதான் இழப்பும் பெரிது.

தடையும் தணிக்கையும்

1787இல் பிலடெல்பியாவில் வரையப்பெற்ற அமெரிக்க அரசியலமைப்பை விளக்குவோர் 'செக்ஸ் அண்ட் பாலன்சஸ்' என்னும் தொடரைத் தவறாது ஆள்வர். சட்டமன்றம் இயற்றியதைக் குடியரசுத் தலைவர் தம் மறுப்பதிகாரத்தால் நிறுத்தலாம். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் அம்மறுப்பைக் கடக்கலாம். 1803இல் மார்பரி வழக்கில் தலைமை நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அரசியலமைப்புக்கு மாறான சட்டம் செல்லாது எனக் கூறும் அதிகாரத்தை நீதித்துறைக்கு உறுதிசெய்தது. அதிகாரத்தை அதிகாரமே நிறுத்தவேண்டும் என்னும் கருத்தை பிரெஞ்சு அறிஞர் மொந்தெஸ்கியூ 1748இல் வெளியிட்ட நூலில் முன்வைத்திருந்தார்.

இத்தொடரில் 'செக்' என்பது சரிபார்ப்பு அன்று, தடை. ஒருவர் தவறியபின் மற்றவர் ஏட்டைப் புரட்டிக் குறிப்பெழுதுவது அன்று; தவறும்போதே 'நில்' எனக் கூற உரிமை பெற்றிருப்பது. இதனைத் தமிழில் 'சோதனைகளும் சமநிலைகளும்' எனப் பெயர்த்தால், மாணவர் மனத்தில் அரசியலமைப்பு என்பது கணக்குப் பார்க்கும் அலுவலகமாகப் பதிந்துவிடும். அதன் உயிர்நாடியாகிய நிறுத்தும் ஆற்றல் விடுபட்டுப் போகும்.

இவ்விழப்புக்குத் தக்க சான்று ஒரு பதவியின் பெயரில் உள்ளது. இங்கிலாந்தில் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது, 1866இல் எக்ஸ்செக்கர் மற்றும் தணிக்கைத் துறைகள் சட்டம் நிறைவேறியது. அதனால் 'கம்ப்ட்ரோலர் அண்ட் ஆடிட்டர் ஜெனரல்' என்னும் பதவி தோன்றியது. பெயரில் இரு பணிகள் உள்ளன. ஒன்று, பாராளுமன்றம் ஒப்புதல் அளிக்காத பணம் கருவூலத்தை விட்டு வெளியேறாமல் தடுப்பது. அது கம்ப்ட்ரோலர் பணி. மற்றொன்று, செலவானபின் கணக்கைத் தணிக்கை செய்வது. அது ஆடிட்டர் பணி. 'கன்ட்ரோல்' என்னும் சொல்லும் எதிர்ச்சுருள், அஃதாவது சரிபார்ப்பதற்கென வைத்திருக்கும் இரண்டாம் படிக் கணக்கேடு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்ததே. கட்டுப்பாடு என்னும் கருத்தே ஒப்புநோக்கலிற் பிறந்தது. எக்ஸ்செக்கர் மேசையில் ஒன்றாயிருந்த தடையும் பார்வையும் இப்பதவியில் மீண்டும் ஒன்றாயின.

இந்திய அரசியலமைப்பின் 148ஆம் பிரிவு இதே பெயருடைய பதவியை அமைத்தது. அரசியலமைப்பில் அநேகமாக மிக முக்கியமான அலுவலர் இவரே என்னும் கருத்தை டாக்டர் அம்பேத்கர் 1949இல் அரசியல் நிர்ணய சபையில் வெளியிட்டார். ஆயினும், பணம் வெளியேறுவதைத் தடுக்கும் கம்ப்ட்ரோலர் பணி இந்தியாவில் நடைமுறையில் இல்லை. செலவு நிகழ்ந்தபின் தணிக்கை செய்து அறிக்கை தருவதே இங்கு அவர் பணி. மைய அரசின் கணக்கு பற்றிய அறிக்கை குடியரசுத் தலைவர் வழியாகப் பாராளுமன்றத்திற்கும், மாநிலக் கணக்கு பற்றியது ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்திற்கும் செல்கிறது. அதன்மேல் நடவடிக்கை எடுப்பது அவையின் பொறுப்பு.

தமிழ் நாளிதழ்கள் இவரைத் 'தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்' என்றே வழங்குகின்றன. பெயரின் முற்பாதி தமிழில் மறைந்துவிட்டது. நடைமுறையை நோக்கினால் இத்தமிழ்ப் பெயர் உண்மைக்கு நெருக்கமானதே. ஆயின், மறைந்தது ஒரு சொல் மட்டுமன்று. 'தடுக்கும் அதிகாரமும் இருந்திருக்க வேண்டுமோ?' என்னும் வினாவும் அதனோடு மறைந்தது. ஆங்கிலப் பெயரைப் படிப்பவர் உள்ளத்தில் எழக்கூடிய அவ்வினா, தமிழ்ப் பெயரை மட்டும் படிப்பவர்க்கு எழ வாய்ப்பில்லை. மொழிபெயர்ப்பு ஒரு நாட்டின் குடிமக்கள் எவ்வினாவைக் கேட்பர் என்பதையும் முடிவுசெய்கிறது.

தமிழில் எவ்வாறு கூறுவது?

அகராதிகள் தடு, அடக்கு, சரிபார், சோதி எனத் தனித்தனியே பொருள் தருகின்றன. பேச்சுத் தமிழோ 'செக் பண்ணு' என அப்படியே ஏற்றுக்கொண்டது. அங்கு அதற்குச் சரிபார் என்னும் ஒரே பொருள்தான். நாளிதழ் நடையில் 'எதிரணிக்குச் செக் வைத்தார்' என வருவது சதுரங்கப் பொருளின் நீட்சி. ஒன்றில் பார்வை மட்டும் உண்டு. மற்றொன்றில் தடை மட்டும் உண்டு. இரண்டையும் இணைக்கும் சொல் தமிழில் இல்லையோ என்று தோன்றும்.

அச்சொல் உண்டு, அகராதி நோக்கில் தேடுவோர்க்கு அது கிட்டுவதில்லை. ஊர்ப்புறத்து மக்கள் வாயில் அது நாள்தோறும் வாழ்கிறது. 'தட்டிக் கேட்டல்' என்பதே அது. தட்டுதல் என்பது தடுத்து நிறுத்துதல். கேட்டல் என்பது வினவி உண்மை காணல். தவறு செய்பவனை நிறுத்தி, 'ஏன் செய்தாய்?' என வினவும் உரிமையை இவ்விரு சொற்கள் ஒருங்கே குறிக்கின்றன. 'தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப் பிரசண்டன்' என்னும் பழமொழி, தடையற்ற அதிகாரம் என்னாகும் என்பதை ஒரே வரியில் கூறிவிடுகிறது. மொந்தெஸ்கியூ நூலாக எழுதியதை, பெயரறியாத் தமிழ் முதியோர் பழமொழியாக்கி வைத்துள்ளனர்.

திருக்குறளின் 45ஆம் அதிகாரமாகிய பெரியாரைத் துணைக்கோடலும் இக்கருத்தை உடையது. கடிந்துரைக்கும் சான்றோரைத் துணையாகக் கொள்ளாத மன்னன், கெடுக்கும் பகைவர் இல்லாதபோதும் கெடுவான் என்பது அங்கே வள்ளுவர் காட்டும் நெறி. கடிந்துரைத்தல் என்னும் பொருள் ஆங்கிலச் செக்கிலும் உண்டு என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பாரசீக ஆட்டக்காரர் 'ஷா' எனக் கூவியது எதிரியை வெல்ல. வள்ளுவர் கூறும் சான்றோர் இடித்துரைப்பது தம் அரசனைக் காக்க. நோக்கம் வேறு, எனினும் இரு குரலும் அரசன் காதில் விழவேண்டிய குரல்களே.

எனவே, 'செக்ஸ் அண்ட் பாலன்சஸ்' என்பதற்குத் 'தடையும் சமனும்' என்பது பொருத்தமான கலைச்சொல்லாக அமையும். வகுப்பறையில் அதனை விளக்கும் ஆசிரியர், 'ஒவ்வோர் உறுப்பும் மற்றதைத் தட்டிக் கேட்கும் உரிமை' எனக் கூறிவிட்டால், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவனுக்கும் பொருள் விளங்கிவிடும்.

முடிவுரை

'செக்' என்னும் ஒரு சொல், பாரசீக அரசனிலிருந்து புறப்பட்டு, ஐரோப்பியச் சதுரங்கப் பலகையைக் கடந்து, இங்கிலாந்தின் கருவூல மேசையில் அமர்ந்து, பிளந்த கோலையும் கிழித்த தாளையும் கண்டு, சென்னைத் துணியில் கட்டமாகி, அரசியலமைப்புகளில் அறமாக நிற்கிறது. அதன் பொருள்கள் சிதறிக் கிடப்பவை போலத் தோன்றினும் அவற்றுக்கு ஒரு நடுத்தண்டு உண்டு. நிறுத்துதலும் சரிபார்த்தலும் ஒன்றையொன்று வேண்டுவன என்பதே அது. சரிபாராமல் நிறுத்துவது கொடுமை; நிறுத்தும் உரிமையின்றிச் சரிபார்ப்பது வீண்.

பலபொருள் ஒருசொல்லை மொழிபெயர்ப்போர் ஒரு பொருளை ஏற்றவுடன் மற்றவற்றைக் கைவிட்டவராகிறார். கைவிட்டது எது என்பதை அறிந்து கைவிடுதல் வேண்டும். அதற்குச் சொல்லின் வரலாறு துணைசெய்யும். தமிழ் இலக்கணமும் துணைசெய்யும். எல்லாவற்றினும் மேலாக, எழுதப்படாத மக்கள் வழக்குத் துணைசெய்யும். கலைச்சொல் ஆக்குவோர் நூலகத்தை நாடுமுன் ஊர்ப் பொதுமன்றத்தில் சற்றே செவிசாய்த்தால், தட்டிக் கேட்கும் தமிழ் அங்கே காத்திருக்கும்.